இடைக்காலத் தடை

இருபது லிட்டர் பார்லிச் சாறு.
ஈஸ்ட் தூவியாயிற்று.
மூடியில் ஒரு காற்றுப்பூட்டு:
உள்ளிருப்பது வெளியேறலாம்,
வெளியிருப்பது உள்ளே வரக் கூடாது.

பள்ளத்தூர். மே மாதம் பதினொன்று.
கூடத்தில் முப்பத்து நான்கு டிகிரி.
ஈஸ்டுக்கு வேண்டியது பத்தொன்பது.
இடையில் கிடக்கும் பதினைந்தைத்தான்
இந்த வாரம் முழுக்க நான் சுமக்கிறேன்.

நானூறு பேருக்குச் சாம்பார் வைத்த அண்டாவில்
தண்ணீர் ஊற்றி வாளியை இறக்கினேன்.
என் பழைய நைட்டியை நனைத்து அதற்கு உடுத்தி
ஃபேனைத் திருப்பிவிட்டேன்.
முப்பது. இருபத்தெட்டு.
அப்புறம் எண் நகரவில்லை.
ஃப்ரீசரில் மீனை ஓரம் தள்ளி
பெப்சி பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்தேன்,
நான்கு அண்டாவில், நான்கு ஃப்ரீசரில், மாற்றி மாற்றி.
இருபத்திரண்டுக்கு வந்ததும்
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவிட்டுப் படுத்தேன்.

ரெண்டாம் ராத்திரி, ரெண்டே கால்.
ஃபேன் நின்ற சத்தத்தில் விழித்தேன்.
ஊரே அடங்கிய இருட்டில்
காற்றுப்பூட்டு மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது,
நொடிக்கு இரண்டு.

ஈஸ்ட் தின்னத் தொடங்கினால் தானே சூடாகும்.
சூடு ஏற ஏற வேகமாய்த் தின்னும்.
வேகமாய்த் தின்றால் இன்னும் சூடு.
எங்கள் குடும்பத்துக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

இருபத்தைந்து. இருபத்தேழு.
முப்பதைத் தொட்டால் வாழைப்பழ வாடை.
அதற்கும் மேலே போனால்
நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி,
மறுநாள் மண்டையைப் பிளக்கும் வலி.

வடக்குப் பக்கம் ஓர் அறை இருக்கிறது.
இரண்டரை அடிச் சுவர், முட்டை வெள்ளைப் பூச்சு,
வெயில் ஒருநாளும் தொடாத தரை.
கத்திரியிலும் இருபத்தாறு தாண்டாது.
சாவி என் அண்ணன் வெள்ளையப்பனிடம்.
பெண்ணுக்கும் பங்குண்டு என்று நான் போட்ட வழக்கில்
அந்த அறைமேல் இடைக்காலத் தடை:
வாதியோ பிரதிவாதியோ திறக்கலாகாது.

பிரதிவாதியின் கதவைத் தட்டினேன்.

டார்ச்சோடு வந்தான்.
ஆறு வருஷத்தில் முதல் பேச்சு:
"யாருக்கு என்ன?"
"யாருக்கும் ஒண்ணுமில்ல. பீர் சூடாகுது."
டார்ச் என் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.
உள்ளே போனான்.
சாவி தேடவா, வக்கீலைக் கூப்பிடவா, தெரியவில்லை.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினான்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்
தளும்பாமல் தூக்கிப் போனோம்.
"எவ்வளவுல இருக்கணும்?"
"பத்தொன்பது."
பதில் சொல்லாமல் டிவிஎஸ்ஸை உதைத்தான்.
நான்கு மணிக்கு, மீன்கடை செய்யதுவை எழுப்பி,
உமி ஒட்டிய ஐஸ்கட்டி ஒரு சாக்கு.

அதற்கப்புறம் காரைக்குடியில்
விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் இருக்க
போனுக்கு எண்கள் வந்தன.
24.
22.
ஐஸ் மாத்தியாச்சு.
20.5.
வெப்ப உமிழ் வினைக்கு எடுத்துக்காட்டு தருக,
இரண்டு மதிப்பெண்.
யாரோ ஒரு பெண் சுண்ணாம்பு என்று எழுதியிருந்தாள்.
முழு மார்க் போட்டுவிட்டு அண்ணனுக்கு அனுப்பினேன்:
பதினாறுக்குக் கீழ போனா தூங்கிடும்.
யாரு?
ஈஸ்ட்.
சரி.

ஒரு மாதம் கழித்து முதல் பாட்டில்.
எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினேன்.
மோந்து பார்த்து, "வாழப்பழம்" என்றான்.
"அது அந்த ரெண்டு மணி நேரம்."
மிச்சத்தையும் குடித்தான்.

ஜூன் பதினாறு, தேவகோட்டை கோர்ட்.
வேறு வேறு பஸ்ஸில் போனோம்.
அறை திறக்கப்படவில்லை என்று
இரு தரப்பும் சொன்னது.
நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் பொய்.

ஆகஸ்டுக்கு வாய்தா.
சாவி அவனிடம்தான்.
நிலைப்படி இடுக்கில் உமி கொஞ்சம் கிடக்கிறது,
அமீனா வருவதற்குள் பெருக்க வேண்டும்.